10/02/2020 என்பது பெப்ரவரியா, ஒக்டோபரா? மென்பொருளாளர் ஒருவரின் கடிதத்துக்குச் சட்டத்தரணியின் பதில்

பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு, யாழ்ப்பாணத்தில் பணிபுரியும் 29 வயது மென்பொருள் பொறியியலாளர் ஒருவர் 2025 யூன் மாதத்தில் நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவர் வேலை செய்வது 22 பேர் கொண்ட ஒரு மென்பொருள் நிறுவனத்தில். அமெரிக்கக் கிழக்குக் கரையில் பல கிளைகளை வைத்திருக்கும் ஒரு பல் மருத்துவ நிலையம் இந்நிறுவனத்தின் வாடிக்கையாளர். நோயாளர்களுக்கு அவர்களுடைய முன்பதிவை நினைவூட்டிக் குறுஞ்செய்தி அனுப்புவது இவர் பராமரிக்கும் மென்பொருளின் வேலை. முன்பதிவுப் பட்டியல் வாரந்தோறும் ஒரு கோப்பாக வரும்; அதில் திகதிகள் அமெரிக்க வழக்கப்படி மாதம் முன்னும் நாள் பின்னுமாக இருக்கும். கடந்த மார்ச் மாத இறுதியில் நிறுவனம் தன் சேர்வரை மாற்றியது. புதிய சேர்வரோ நமது வழக்கப்படி நாளை முன்னால் வைத்து வாசித்தது. ஏப்ரல் 7 என்ற பொருளில் வந்த 04/07/2025, யூலை 4 ஆகிவிட்டது. 04/15/2025 போன்றவற்றை அப்படி வாசிக்க வழியில்லை, பதினைந்தாம் மாதம் என்று ஒன்று இல்லையே. எனவே அவற்றை மட்டும் மாதம் முன்னாகத் திருப்பி வாசித்து, சரியாகவே பதிந்துகொண்டது நிரல். கொஞ்சம் சரியாகவும் கொஞ்சம் பிழையாகவும் போனபடியால் மூன்று வாரமாக எவருக்கும் ஐயம் எழவில்லை. யூலை 4 அமெரிக்காவின் சுதந்திர தினம். பூட்டியிருக்கும் நிலையத்துக்கு அன்று இத்தனை பேர் பல்லைக் காட்ட எப்படி முன்பதிவு செய்தார்கள் என்று அங்கிருந்த ஊழியர் ஒருவர் கேட்ட பிறகுதான் விடயம் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது.

வாடிக்கையாளர் கட்டணத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைத்துவிட்டார். அதில் 480,000 ரூபா இந்த வாசகரின் பங்கு என்று நிறுவனம் தானே கணக்கிட்டு, மாதம் 40,000 ரூபா வீதம் 12 மாதங்களுக்குச் சம்பளத்தில் கழிப்பதற்குச் சம்மதக் கடிதம் ஒன்றில் கையொப்பமிடச் சொல்கிறது. பிழை தன்னுடைய கவனயீனத்தால் நேர்ந்தது என்ற வசனமும் அக்கடிதத்தில் இருக்கிறது. தானோ ஜனவரி 28ஆம் திகதியே, ஐ.எஸ்.ஓ. 8601 நியமத்தின்படி வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் திகதியைக் கேட்டுப் பெற வேண்டும் என்றும், ஒழுங்குக்கு வராத வரிகளை ஊகித்து வாசிக்காமல் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் மின்னஞ்சலில் எழுதியதாகச் சொல்கிறார். ஒரு வரியும் தள்ளுபடியாகக் கூடாது என்ற முடிவு ஜனவரி 27ஆம் திகதிக் கூட்டத்திலேயே எடுக்கப்பட்டுவிட்டது, உமது மின்னஞ்சல் அதற்கு மறுநாள்தான் வந்தது என்கிறார் அவருடைய குழுத் தலைவர்.

இனி அவருடைய கேள்விகள். சம்பளத்தில் கழிக்க முடியுமா? நாளைக்கே வேலையை விடலாமா? நியமனக் கடிதத்தில் வேலை தொடங்கும் நாள் 10/02/2020 என்றிருக்கிறது. அது பெப்ரவரி 10 என்கிறார் இவர், ஒக்டோபர் 2 என்கிறது நிறுவனம், யார் சொல்வது சரி? மூன்று வருடம் விலகமாட்டேன் என்று சேரும்போது எழுதிக்கொடுத்த பிணைமுறி இன்னும் செல்லுமா? வீட்டில் இரவுகளில் எழுதிய சாதகக் கணிப்புக் கருவியையும் நிறுவனம் தன்னுடையது என்கிறதே? ஆதாரத்துக்காக முழு நிரலையும் தரவுகளையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வரலாமா? இவற்றுக்கிடையே, தனக்கு உறக்கமில்லை என்றும், பால்மாப் பைக்கற்றில் தொடங்கிக் கோயில் திருவிழா அறிவித்தல் வரை எதைப் பார்த்தாலும் முதலில் திகதி எழுதப்பட்ட ஒழுங்கே கண்ணில் படுகிறது என்றும் எழுதியிருக்கிறார். "கேட்ட காசைக் குடுத்துப்போட்டு நிம்மதியா இரு" என்பது அம்மாவின் நிலைப்பாடாம்.

அன்புள்ள தம்பி,

அம்மாவின் கவலை எனக்கு விளங்குகிறது. ஆயினும் இந்த ஒரு விடயத்தில் அவருடைய சொல்லைக் கேட்க வேண்டாம் என்றே உங்களுக்குச் சொல்வேன். காசைக் கொடுப்பதால் வரக்கூடிய நட்டம் அந்த 480,000 ரூபாவோடு நின்றுவிடாது.

கையொப்பத்தை ஏன் கேட்கிறார்கள்?

உங்களுடையது போன்ற அலுவலகங்களுக்குப் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம். சம்பளத்திலிருந்து சட்டம் அனுமதித்த கழிவுகளை மட்டுமே, அதுவும் ஊழியரின் சம்மதத்தோடுதான் கழிக்கலாம் என்பது அதன் நிலைப்பாடு. நிறுவனம் நினைத்த மாத்திரத்தில் கழித்துவிட முடிந்திருந்தால் உங்களிடம் கடிதத்தை நீட்டியிருக்க மாட்டார்கள். ஆகவே நீங்கள் கையொப்பமிடாத வரையில் அவர்கள் கை கட்டப்பட்டிருக்கிறது. கையொப்பமில்லாமலே கழித்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடுவதற்கு அது தெளிவான காரணமாகும்.

"நிரலை எழுதியவன் நான், ஆகவே நட்டத்துக்குப் பொறுப்பும் நானே" என்று கடிதத்தில் இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஊழியரின் கவனயீனத்தால் நட்டம் வந்தது என்று கருதும் தொழில் தருநர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். அங்கே கவனயீனத்தையும், நட்டத்தின் அளவையும், ஒன்றால்தான் மற்றது விளைந்தது என்பதையும் நிரூபிக்க வேண்டிய சுமை அவருடையது. சேர்வரை மாற்றியது யார், மாற்றிய பின் பரிசோதித்தது யார், பரிசோதிக்க நாள் ஒதுக்கப்பட்டதா என்ற கேள்விகளெல்லாம் அங்கே எழும். உங்களுடைய பங்கு 480,000 ரூபா என்பது இன்றைக்கு நிறுவனத்தின் ஒரு கணக்கு மட்டுமே. அதற்குத் தீர்ப்பின் வலு கிடையாது. அந்தக் கணக்குக்கு வலுவூட்டக்கூடியவர் நீங்கள் ஒருவரே, அதுவும் அந்தக் கடிதத்தில் கையொப்பமிடுவதன் மூலம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பணிக்கொடை என்பது நீண்ட காலம் வேலை செய்தவருக்கு, அவர் விலகும்போது நிறுவனம் கொடுக்க வேண்டிய தொகை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, மோசடி, பணக் கையாடல், தொழில் தருநரின் சொத்துக்கு வேண்டுமென்றே விளைவித்த சேதம் போன்ற காரணங்களுக்காக ஒருவருடைய சேவை முடிவுறுத்தப்பட்டால், அந்த நட்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையை அவர் இழக்கலாம். திகதியைப் பிழையாக வாசித்த நிரல் இந்த வகைக்குள் வராது என்பதே என் கருத்து. ஆனாலும் உங்கள் கையொப்பத்தோடு ஓர் ஒப்புதல் கோப்பில் கிடந்தால், அதை எந்தப் பக்கமும் வளைத்துப் பார்க்க ஒருவர் முயலக்கூடும். அப்படியொரு தாளை ஏன் உருவாக்கிக் கொடுக்க வேண்டும்?

நியமம் வேறு, சட்டம் வேறு

இப்போது உங்களுக்குக் கசக்கக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐ.எஸ்.ஓ. 8601 உலக நியமம், அதைப் பின்பற்றாததால் நிறுவனமே குற்றவாளி என்பது உங்கள் வாதம். அந்த நியமம் 1988 இல் முதலில் வெளியாகி, பின்னர் பலமுறை திருத்தப்பட்டு, இன்று கணினி உலகில் பெருமளவு ஏற்கப்பட்டிருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அது விரும்பியவர் பின்பற்றும் நியமம். ஒப்பந்தத்தில் எழுதப்பட்டாலொழிய அது எவரையும் கட்டுப்படுத்தாது. மாதத்தை முன்னால் எழுதும் அந்தப் பல் மருத்துவ நிலையமும் தன் நாட்டு வழக்கப்படியே எழுதியது. அதில் தவறு காண இடமில்லை. ஆகவே விசாரணை ஒன்று வந்தால் நியமத்தின் பெருமையைப் பேசி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

அங்கே எடுபடக்கூடியது உங்கள் மின்னஞ்சலில் இருக்கும் வேறொரு பந்தி. ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாட்களை இரண்டு விதமாக வாசிக்கலாம், 04/04 போல இரண்டும் ஒன்றாக வரும் நாளைக் கழித்தால் மாதத்துக்கு 11, வருடத்துக்கு 132 நாட்கள் பிழைபடக்கூடியவை, மீதி நாட்கள் சரியாக வருவதால் பிழை வெளியே தெரியாது என்று ஜனவரியிலேயே கணக்கிட்டுக் காட்டியிருக்கிறீர்கள். நடந்தது அச்சொட்டாக அதுவே. ஆபத்து இன்னதென்று எழுத்தில் அறிவிக்கப்பட்ட பிறகும் "ஒரு வரியும் தள்ளுபடியாகக் கூடாது" என்று பணித்தவருக்கு அந்த ஆபத்தில் பங்கு உண்டு. இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஆபத்தும் அல்ல. மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு, மார்ச், செப்டெம்பர் என்பவற்றின் சுருக்கம் போலத் தோன்றும் சில மரபணுப் பெயர்களை எக்ஸெல் திகதியாக மாற்றிவிடுகிறது என்பதால், எக்ஸெலோடு மல்லுக்கட்டாமல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. அது 2020 இல் செய்தியாகவும் வந்தது. கருவிகள் திகதியை ஊகித்து வாசிக்கும் என்பது தொழிலில் உள்ள எவருக்கும் தெரிந்த விடயம் என்று காட்ட இது உதவும். ஆனால் இந்த வாதம் இருபக்கமும் வெட்டும். தெரிந்திருந்தும் நீங்கள் ஏன் சேர்வர் மாற்றிய அன்று சரிபார்க்கவில்லை என்று கேட்பார்கள். உங்கள் மின்னஞ்சலும் "சரி, சொன்னபடி செய்கிறேன்" என்றுதான் முடிகிறது. அந்தக் கேள்விக்கு நேர்மையான பதிலை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

27 முந்தியதா, 28 முந்தியதா?

குழுத் தலைவரின் வாதத்துக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள்தான் அதைக் கவனிக்கவில்லை. கூட்டக் குறிப்பு அமெரிக்க அலுவலகத்தில் எழுதப்பட்டது என்கிறீர்கள். அதில் உள்ள நேரம் ஜனவரி 27, இரவு 8.30. குளிர்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரை நம்மைவிடப் பத்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. அதாவது அந்தக் கூட்டம் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் ஜனவரி 28, காலை 7 மணி. உங்கள் மின்னஞ்சல் போனது அன்று காலை 6.10 மணிக்கு. திகதியைப் பார்த்தால் ஒரு நாள் பிந்தியதாகத் தோன்றும் எச்சரிக்கை, உண்மையில் கூட்டத்துக்கு 50 நிமிடம் முந்தியது.

இதை நிறுவ, மின்னஞ்சலை வெறுமனே அச்சிட்டால் போதாது. அதன் முழுத் தலைப்பு விபரங்களோடு எடுத்து வையுங்கள். அனுப்பிய நேரமும் அதன் பக்கத்தில் +0530 என்ற நேர வித்தியாசமும் அதில் இருக்கும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, மின்வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஆவணத்தின் சட்டப் பெறுமானம் மறுக்கப்படுவதில்லை. மாறாக, நிரல் மாற்றங்களைப் பதியும் கிற் கருவியின் நேரப் பதிவுகளை நீங்கள் அளவுக்கு மீறி நம்புகிறீர்கள். அந்த நேரம் எழுதுபவரின் கணினிக் கடிகாரத்திலிருந்து வருவது. வேண்டியபடி மாற்றியும் பதியலாம். எதிர்த்தரப்பிலும் உங்களைப் போல ஒரு பொறியியலாளர் இருப்பார், அவர் அதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவார். அதைத் துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நியமனக் கடிதத்தில் உள்ள நாள்

பணத்தைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்தில் முக்கியமான கேள்வி இதுவே. பணிக்கொடை பெற ஐந்து வருடச் சேவை பூர்த்தியாக வேண்டும். நிறுவனத்தில் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்திருக்கவும் வேண்டும். மாதச் சம்பளக்காரருக்குப் பூர்த்தியான வருடம் ஒன்றுக்கு அரை மாதச் சம்பளம் என்பது கணக்கு. 2020 பெப்ரவரி 10 என்றால் இந்த வருடம் பெப்ரவரி 9 உடன் உங்களுக்கு ஐந்து வருடம் நிறைந்து, இரண்டரை மாதச் சம்பளம் உரித்தாகிவிட்டது. 2020 ஒக்டோபர் 2 என்றால் இன்று விலகும் உங்களுக்கு ஒரு சதமும் இல்லை.

அந்தக் கடிதம் அமெரிக்க மாதிரி ஒன்றைப் பார்த்து எழுதப்பட்டது, ஆகவே மாதம்தான் முன்னால் என்பது நிறுவனத்தின் வாதம். ஐயத்துக்கிடமான வாசகத்தை, அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள்கொள்ளும் கோட்பாடு ஒன்று ஒப்பந்தச் சட்டத்தில் உண்டு. இங்கே எழுதியது அவர்கள். ஆனால் அந்தக் கோட்பாடு வரை போகத் தேவையில்லை. நீங்கள் பெயரை மறைத்து அனுப்பிய பிரதியின் இரண்டாம் பக்கத்தில், தகுதிகாண் காலம் 09/08/2020 இல் முடிவடையும் என்ற வரி இருக்கிறது. அதை ஓகஸ்ட் 9 என்று வாசியுங்கள், அல்லது அமெரிக்க முறையில் செப்டெம்பர் 8 என்று வாசியுங்கள். எப்படி வாசித்தாலும் அது ஒக்டோபர் 2க்கு முந்தியது. வேலை தொடங்கு முன்னரே தகுதிகாண் காலம் முடிந்துவிட்ட ஊழியர் இந்த உலகத்தில் இருக்க முடியாது. பெப்ரவரி 10 இலிருந்து எண்ணினாலோ ஓகஸ்ட் 9 உடன் சரியாக ஆறு மாதம். போதாக்குறைக்கு 2020 பெப்ரவரி 10 ஒரு திங்கட்கிழமை, ஒக்டோபர் 2 ஒரு வெள்ளிக்கிழமை. வார இறுதிக்கு முந்திய நாளில் ஆளைச் சேர்ப்பது நடக்காத காரியமல்ல, ஆனாலும் வழக்கம் அதுவல்ல.

ஒக்டோபர் வரையிலான காலம் பயிற்சி என்று அவர்கள் சொல்லலாம். தங்கள் கடிதத்திலேயே தகுதிகாண் காலம் என்று எழுதிய பிறகு அந்த வாதம் நிற்பது கடினம். 2020 மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்கு வந்த பிறகு, வீட்டிலிருந்து நீங்கள் செய்த வேலைக்கான மின்னஞ்சல்களும், மாதாமாதம் வங்கிக்கு வந்த பணமும் சான்றாகும். இதிலிருந்து இன்னொரு பாக்கியும் தலைகாட்டுகிறது. உங்களுக்கு ஊழியர் சேமலாப நிதி 2020 ஒக்டோபரிலிருந்துதான் கட்டப்பட்டிருக்கிறது. ஊதியம் பெறும் பயிலுநரும் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின் கீழ் ஊழியரே. ஆகவே பயிற்சி என்று பெயர் வைத்தாலும், ஊழியர் பங்கு 8 வீதமும் தொழில் தருநர் பங்கு 12 வீதமுமாக அந்த மாதங்களுக்கான தொகையைக் கட்டியிருக்க வேண்டும்; ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனம் தரவேண்டிய 3 வீதம் வேறு. ஒக்டோபர் என்று அவர்கள் விடாப்பிடியாக நின்றால், பேச்சு இந்தப் பக்கம் திரும்பும் என்பதை அவர்களுடைய சட்டத்தரணியே அவர்களுக்குச் சொல்லிவிடுவார்.

பிணைமுறியைப் பற்றிக் கவலை வேண்டாம். மூன்று வருடத்தை எந்த நாளிலிருந்து எண்ணினாலும் அது 2023 இலேயே காலாவதியாகிவிட்டது.

இனி எழுதும் எந்தக் கடிதத்திலும் மாதத்தைப் பெயரால் எழுதுங்கள். நொத்தாரிசுமார் உறுதிகளில் நாளையும் வருடத்தையும் எழுத்தால் எழுதுவது, நீங்கள் நினைப்பது போலப் பழைமைப் பிடிப்பால் அல்ல. 2020-02-10 என்று நீங்கள் எழுதுவதன் நோக்கமே அதன் நோக்கமும்.

நாளைக்கே விலகலாமா?

வேண்டாம். அறிவித்தல் காலமாக ஒரு மாதம் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. அதைக் கொடுக்காமல் போனால், இதுவரை உங்கள் பக்கம் தவறில்லாதிருந்த கோப்பில் முதல் தவறு உங்களுடையதாகிவிடும். அந்த மாதச் சம்பளத்தைக் கேட்டு அவர்கள் உங்களுக்கு எழுதலாம். ஒக்டோபர் 2 வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் அவர்களுடைய கணக்கின்படியும் ஐந்து வருடம் நிறையும். வாதாட வேண்டிய தேவையே இல்லாமல் பணிக்கொடையைப் பெறலாம். அது பாதுகாப்பான வழிதான். ஆயினும் உறக்கமில்லாமல் நான்கு மாதத்தைக் கழிக்க வேண்டிய அளவுக்கு உங்கள் ஆவணம் பலவீனமானதல்ல. வேறு வேலை கைக்கு வந்துவிட்டால் ஒரு மாத அறிவித்தல் கொடுத்துவிட்டு விலகுங்கள். பணிக்கொடையை 30 நாட்களுக்குள் செலுத்த வேண்டும் என்பது சட்டம். வேறு வேலை இன்னும் கிடைக்கவில்லை என்றால், கோபத்தை மட்டும் நம்பி விலக வேண்டாம்.

அவர்களே உங்களை நிறுத்தினால் நிலைமை வேறு. 15 பேருக்குக் குறையாத நிறுவனம், 180 நாட்களுக்குக் குறையாத சேவையுள்ள ஊழியரை ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக நிறுத்த, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதியோ வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். ஒழுக்காற்று நடவடிக்கை என்றால் காரணத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும். அப்படி ஏதாவது நடந்தால், தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதக் கால எல்லை உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம்.

உறக்கத்தைப் பற்றி ஒரு சொல். அதைச் சட்டத்தால் தீர்க்க முடியாது. பல வாரமாக நீடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு வைத்தியரைப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாதகக் கருவி யாருடையது?

உங்கள் கடிதத்தில் நான் விரும்பி வாசித்த பகுதி இது. 1996 மே 25 இல், மின்சார நெருக்கடியை முன்னிட்டு நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே வருடம் ஒக்டோபர் 26 இல் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தார்கள். 2006 ஏப்ரல் 15 இல்தான் கிறீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய நேரத்துக்குத் திரும்பினோம். அந்தப் பத்து வருடமும் வன்னியில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே நடைமுறையில் இருந்தது. ஆக, 2001 இல் வவுனியா நகரில் காலை 6 மணிக்குப் பிறந்த பிள்ளைக்கும், கிளிநொச்சியில் காலை 6 மணிக்குப் பிறந்த பிள்ளைக்கும் இடையே உண்மையில் அரை மணித்தியால வித்தியாசம். லக்கினம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறுவதால், அந்த அரை மணித்தியாலம் சிலருடைய லக்கினத்தையே மாற்றிவிடும். உலகக் கணினிகளெல்லாம் பயன்படுத்தும் நேர வலயத் தரவுத்தளத்தில் கொழும்பு நேரத்தின் மாற்றங்கள் மட்டுமே கணிப்புக்கு எடுபடுவதால், பிறந்த இடத்தையும் "எந்த நேரம்?" என்பதையும் கேட்டுக் கணிக்கும் கருவியை, வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் வெவ்வேறாக, எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இப்போது கலியாணம் பேசும் வயது. உங்கள் அம்மாவும் அதைப் பயன்படுத்துவதாக எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலைப் பதிப்புரிமைக்கு உட்பட்ட ஆக்கமாகக் கொள்கிறது. தொழிலின் பகுதியாக ஊழியர் ஆக்கியதன் பொருளாதார உரிமை, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொன்னாலொழிய, தொழில் தருநருக்கு உரியது. சாதகம் கணிப்பது உங்கள் நிறுவனத்தின் தொழில் அல்ல, உங்களுக்குப் பணித்த வேலையும் அல்ல. எனவே அது உங்களுடையது என்ற நிலைப்பாடு வலுவானது. என் மடிக்கணினியில் எழுதினேன் என்பதால் எல்லாமே எனக்குச் சொந்தம் என்ற உங்கள் வாதத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். எந்தக் கணினி என்பதைவிட எந்த வேலைக்காக என்பதே பெரிது. அலுவலக வேலையை வீட்டுக் கணினியில் செய்தாலும் அது அலுவலகத்தினுடையதே.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இந்தக் கருவியில் திகதியை வாசிக்கும் பகுதியை எடுத்து, நிறுவனத்தின் மென்பொருளில் நீங்களே சேர்த்திருக்கிறீர்கள். அந்தப் பிரதியை இனி எடு என்று சொல்ல முடியாது. அவர்கள் அதைப் பயன்படுத்துவதை நீங்களே அனுமதித்ததாகத்தான் கொள்ளப்படும். மூலம் உங்களிடம் இருந்ததைக் காட்ட, நிறுவனத்தில் சேர்ப்பதற்கு முன் நண்பர்களுக்கோ வேறெவருக்கோ அதை அனுப்பிய மின்னஞ்சல் இருந்தால் தேடி எடுங்கள். நியமனக் கடிதத்தில் "வேலைக் காலத்தில் உருவாக்கிய அனைத்தும் நிறுவனத்துக்கே" என்பது போன்ற வாசகம் உண்டா என்பதையும் பாருங்கள். நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கங்களில் அது இல்லை; மூன்றாம் பக்கத்தை அனுப்பவில்லை.

பென் டிரைவ்

கண்டிப்பாகக் கூடாது. அந்தத் தரவில் வேறு நாட்டு நோயாளர்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்கின்றன. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அனுமதியற்ற அணுகலையும் தரவைச் சட்டவிரோதமாகப் பெறுவதையும் குற்றமாக்குகிறது. இன்று தொழில் தகராறாக இருப்பதை நாளை பொலிஸ் முறைப்பாடாக மாற்றும் வாய்ப்பை நீங்களே அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். உங்களுக்கு அனுப்பப்பட்ட கடிதங்கள், உங்கள் சம்பளச் சிட்டைகள், நீங்கள் எழுதிய எச்சரிக்கை மின்னஞ்சல், அதற்கு வந்த பதில் ஆகியவற்றின் பிரதிகள் போதும். அவற்றிலும் நோயாளர் பெயர் வரும் இடங்களை மறைத்துவிடுங்கள். கூட்டக் குறிப்பைப் பிரதி எடுக்க வேண்டியதில்லை. அதன் திகதியையும் நேரத்தையும் உங்கள் பதில் கடிதத்தில் குறிப்பிட்டு, அதைப் பாதுகாத்து வைக்கும்படி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டாலே போதுமானது.

இந்த வாரம் செய்ய வேண்டியது அந்தப் பதில் கடிதம்தான். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கழிவுக்குச் சம்மதமில்லை என்பதை முதல் வசனத்திலும், 2025 ஜனவரி 28 காலை 6.10 மணி மின்னஞ்சலை இரண்டாவதிலும், 2020 பெப்ரவரி 10 முதல் தொடர்ந்து சேவையில் இருக்கிறேன் என்பதை மூன்றாவதிலும் எழுதுங்கள். தகுதிகாண் காலத்துத் திகதியைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒக்டோபர் என்ற நிலைப்பாட்டை அவர்கள் முதலில் எழுத்தில் தரட்டும். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள். பதில் கிடைத்ததும், அல்லது சம்மதமில்லாமல் முதல் கழிவு விழுந்ததும், நியமனக் கடிதத்தின் மூன்று பக்கங்களையும் வங்கிக் கூற்றையும் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே முறைப்பாடு கொடுக்கச் சட்டத்தரணி தேவையில்லை.